நுள்ளிவிட்ட புழுதி

நவம்பர் கடைசிக் கிழமை. ஸ்காபரோவில் முதல் பனி விழுந்து, விழுந்த கையோடு கரைந்து, வாசற்படியெல்லாம் ஈரமாகக் கிடந்தது. மத்தியானம் கதவு தட்டப்பட்டது. வெளியே நின்றவர் பழைய தொழிற்சாலைத் தோழர், ஒன்ராறியோவில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர். இருபது வருடம் ஒரே இயந்திரத்தின் இரண்டு பக்கமும் நின்று வேலை செய்தவர்கள். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் வருடத்தில் ஒருமுறை, மான் வேட்டைக் காலம் முடிந்த கையோடு, அவர் இப்படி வந்துவிடுவார். மண்ணிறக் கடதாசியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்தார். "இந்த முறை புகை போட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு, தேநீருக்கும் நிற்காமல் போய்விட்டார்.

பொட்டலத்தை விரித்ததும் மணம் முகத்தில் அடித்தது. உப்பு, விறகுப் புகை, அவற்றுக்கு அடியில் வெயிலில் காய்ந்த காட்டிறைச்சிக்கே உரிய ஒரு கனத்த வாடை. எழுபதைத் தாண்டிய மனிதர் சமையலறை நடுவில் அசையாமல் நின்றார். உள்ளேயிருந்து வந்த மனைவி, "என்னப்பா மணக்குது?" என்று கேட்டார்.

"அப்புவின்ர அடுப்படி" என்றார் அவர்.

அந்த அடுப்படி இருந்தது வன்னியில். மன்னாரிலிருந்து மதவாச்சிக்குப் போகும் வீதியை விட்டு விலகி, மடுக் காட்டுக்குள் வண்டில் பாதையில் போனால் வருகிற ஒரு சிறு குளத்து ஊர். முப்பது வீடுகூட இருக்காது. மாரியில் குளத்தின் கீழ் நெல், கோடையில் காட்டோரத்தில் சேனை, எந்தக் காலத்திலும் காடு. அம்மாவின் தகப்பனை எல்லாப் பேரப்பிள்ளைகளும் அப்பு என்றே கூப்பிட்டார்கள். அப்பு கமக்காரர், ஆனால் அயலூர்க்காரர் அவரை விசாரிக்கும்போது "வேட்டைக்காரப் பெரியவர் வீடு எது?" என்றுதான் கேட்பார்கள்.

அடுப்புக்கு மேலே, கை எட்டும் உயரத்தில், காட்டுத் தடிகளைக் குறுக்கே கட்டி ஒரு பறண். அதில்தான் வத்தல் தொங்கும். மான் இறைச்சியை ஆச்சி நாரோடு சேர்த்து நீளநீளமாக, விரல் தடிப்பில் அரிவார். குறுக்கே வெட்டினால் காயும்போது உதிர்ந்துவிடும் என்பது அவர் கணக்கு. உப்பும் மஞ்சளும் பிரட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டு, பிறகு பறணில் ஏற்றுவார். கீழே பாலை விறகு எரியும். ஒரு கிழமைக்கு மேல் அந்தப் புகையைக் குடித்து, வத்தல் கறுத்து, விறகுக் குச்சிபோல ஆகும். பதம் பார்க்க ஒன்றை எடுத்து மடிப்பார். நார் வெடித்து உள்ளே வெளிறித் தெரிந்தால் சரி. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. திரும்பவும் மேலே போகும். சமைக்கிற நாளில் அதை உரலில் போட்டு இடித்து, பஞ்சாக்கி, செத்தல் மிளகாயும் வெங்காயமும் தேங்காய்ப்பூவும் சேர்த்து வறுப்பார். குரக்கன் பிட்டோடு அது இறங்குகிற மாதிரி வேறெதுவும் இறங்காது என்று எழுபதைத் தாண்டிய பேரன் இப்போதும் சொல்கிறார்.

இன்னொரு பக்குவமும் இருந்தது. பறணின் மூலையில் ஒரு சாடி நிறையத் தேன். தேனுக்குள் இறைச்சித் துண்டுகள். விருந்தாளிகள் வந்தால் அல்லது யாருக்காவது காய்ச்சல் கண்டு எழும்பினால் அந்தச் சாடி திறபடும். இது அப்பு வீட்டுக்கு மட்டும் சொந்தமான வித்தையல்ல. கண்டி மன்னனிடம் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயர் ரொபேட் நொக்ஸ், 1681இல் அச்சான தன் இலங்கை நூலில், வேடர்கள் மரத்தைக் குடைந்து தேனை ஊற்றி அதற்குள் இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்சகாலத்துக்கு வைத்துக்கொள்வதை எழுதியிருக்கிறார். அதே நொக்ஸ் 1679இல் தப்பி ஓடியபோது வந்த வழியும் இந்தப் பக்கத்துக் காடுதான். அநுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயா என்றும் அருவி ஆறு என்றும் சொல்லப்படுகிற ஆற்றைப் பிடித்துக்கொண்டே நடந்து, மன்னார்க் கரையில் அரிப்பில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையில் போய்ச் சேர்ந்தார். அப்புவுக்கு நொக்ஸைத் தெரியாது. அருவி ஆற்றைத் தெரியும்.

அப்புவிடம் இருந்தது இடியன் துவக்கு. தோட்டாத் துவக்கு வாங்க அனுமதிப் பத்திரமும் காசும் வேண்டும்; அது ஊரில் ஒருவரிடம்தான் இருந்தது. இடியனுக்கு வாய் வழியாகத்தான் மருந்து. மான்கொம்பைக் குடைந்து செய்த சின்ன அளவையால் கருமருந்தை அளந்து குழலுக்குள் கொட்டுவார். தேங்காய்த் தும்பை உருட்டி உள்ளே போட்டு, நீளக் கம்பியால் இடித்து இறுக்குவார். பிறகு சன்னம். அதற்கு மேல் இன்னொரு தும்பு. கடைசியில் குதிரைக்குக் கீழே கேப்பு. இவ்வளவும் செய்துமுடிக்க ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரமாகும். அதனால் ஒரு வேட்டைக்கு ஒரு வெடிதான். தவறினால் மான் அடுத்த காட்டில் நிற்கும். இந்த ஒற்றை வெடி அவர்களுடைய வேட்டையின் எல்லாப் பழக்கத்தையும் தீர்மானித்தது என்றே சொல்லலாம். கிட்டப் போகவேண்டும், காத்திருக்கவேண்டும், நிச்சயம் இல்லையென்றால் விட்டுவிடவேண்டும்.

அப்புவின் புத்திமதிகளில் பெரும்பாலானவை 'செய்யாதே' என்றே முடியும். வேட்டைக்குப் போகிற அன்று சவர்க்காரம் போட்டுக் குளிக்காதே. சுருட்டுப் பத்தாதே. காட்டுக்குள் ஆளை ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடாதே. யானையை யானை என்று சொல்லாதே, பெரியவர் என்று சொல். கரடி நிற்கிற பக்கம் போகவே போகாதே. சிறுத்தை உன்னைக் கண்டால் விலகும், கரடி முகத்துக்கு வரும். பாலை பழுக்கிற காலத்தில் இந்தக் கடைசிப் புத்திமதி இரட்டிப்பாகும். பாலைப்பழத்துக்குக் கரடி மரமேறும். மந்திகளும் ஏறும். மந்தி தின்பதைவிடச் சிந்துவது கூட. அந்தச் சிந்தலைப் பொறுக்க மான் கூட்டம் மரத்தடிக்கு வரும். மேலே இருக்கிற மந்திக்குத் தூரத்துக் கண், கீழே நிற்கிற மானுக்கு மூக்கு. ஒன்று வெருண்டு கத்தினால் மற்றது ஓடும். "மந்தி உன்னைக் கண்டிட்டுதெண்டா வீட்ட வா. அண்டைக்கு வேட்டை முடிஞ்சுது" என்பார் அப்பு.

ஆடித் திருவிழாவுக்கும் ஆவணித் திருவிழாவுக்கும் மடு மாதா கோயிலுக்கு நாலா திசையிலிருந்தும் சனம் வரும். வண்டிலும் மாடும் சட்டி பானையுமாக மரங்களுக்குக் கீழே கொட்டில் போட்டுத் தங்கும். அந்த நாட்களில் அப்பு துவக்கைத் துடைத்து, சீலையில் சுற்றி, கூரைக்குள் செருகிவிடுவார். அவர் கும்பிட்டது ஐயனாரை. காட்டுக்குள் நுழைகிற இடத்தில் நின்ற மரத்தடியில் ஒரு கொப்பை முறித்து வைத்துவிட்டுத்தான் போவார். ஆனாலும் மாதாவின் திருவிழாவில் காட்டில் வெடிச் சத்தம் கேட்கக்கூடாது என்பது அவருடைய பிடிவாதம். சனம் விறகு பொறுக்க எங்கெல்லாம் போகுமோ யாருக்குத் தெரியும் என்று காரணமும் சொல்வார்.

அப்போது சிறுவனாக இருந்த அவரை அப்பு முதன்முதலாகக் கூட்டிப்போனது ஒரு கோடையில். குளங்கள் வற்றி, காட்டுக்குள் ஒன்றிரண்டு மோட்டைகளில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்ற நேரம். மோட்டை என்றால் சின்னக் குட்டை. சுற்றிவர எல்லா மிருகத்துக்கும் அதுதான் கிணறு. பொழுது சாய இன்னும் இரண்டு மணித்தியாலம் இருந்தது. அப்பு நேரே தண்ணீருக்குப் போகவில்லை. நூறு யார் தள்ளி நின்று, குனிந்து, நிலத்தில் இருந்த புழுதியை இரண்டு விரலால் நுள்ளியெடுத்து, முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல விட்டார். மஞ்சள் வெயிலில் அந்தத் தூசி ஒரு நூல்போல வடகிழக்குப் பக்கம் சரிந்து போனது.

"சோளகம்" என்றார். "இப்ப நாங்கள் எங்க இருக்கவேணும், சொல்லு பாப்பம்."

சிறுவனுக்குத் தெரியவில்லை. நிழல் கூடிய மரத்தைக் காட்டினான். அது தென்மேற்குப் பக்கம்.

"அங்க இருந்தா எங்கட மணம் எங்கால போகும்?"

தூசி போன வழியை அவன் திரும்பிப் பார்த்தான். நேரே தண்ணீருக்கு. அப்பு சிரித்துக்கொண்டே சுற்றிவளைத்துக் கூட்டிப்போனார். வடகிழக்குக் கரையில் ஒரு வீரை மரம். அதன் அடியில் பற்றை. அதற்குள் குந்தினார்கள். வாடை அடித்தால் எந்தக் கரை, கச்சான் என்றால் எந்தக் கரை, கொண்டல் திரும்பினால் என்ன செய்வது என்று, நான்கு காற்றுக்கும் நான்கு இருப்பிடத்தை அப்பு வாயைத் திறக்காமல் விரலாலேயே காட்டினார். திசை என்ற ஒன்றை அவன் படித்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, அந்தப் பற்றைக்குள்.

முதலில் வந்தது ஆள்காட்டிக் குருவி. தண்ணீரோரம் நடந்து திரிந்து, திடீரென்று இவர்கள் பக்கம் தலையைச் சாய்த்தது. அது கத்தினால் எல்லாம் போச்சு. சிறுவனின் கழுத்தில் நுளம்பு கடித்துக்கொண்டிருந்தது. அவன் அசையவில்லை. குருவி போய்விட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. சருகுச் சத்தம் மட்டும். பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு, வெறும் நிழலாக இருந்த இடத்தில் ஒரு பிணைமான் நிற்பது சட்டென்று விளங்கியது. அது நடந்து வந்ததை அவன் காணவே இல்லை. ஒரு முன்காலைத் தூக்கி, நிலத்தில் தட்டியது. காதுகள் இரண்டும் தனித்தனியே திரும்பின. இன்னொரு தட்டு. அதன் வயிற்றோரமாக ஒரு குட்டி, முதுகுப் புள்ளிகள் சுண்ணாம்புச் சொட்டுப்போல வெள்ளையாக. பின்னால் இன்னும் நாலைந்து, கடைசியில் கலைமான். அதன் கொம்பு இன்னும் தோலுக்குள் இருந்தது. வெல்வெற் சீலை சுற்றினதுபோல மழுங்கலாக.

கூட்டம் தலையைக் குனிந்து குடித்தது. உறிஞ்சுகிற சத்தம் பற்றைவரை கேட்டது. இடியன் அப்புவின் மடியிலேயே கிடந்தது. குடித்து முடித்து அவை திரும்பி நடந்து, நிழலோடு நிழலாகிப் போகும்வரை அவர் அதைத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி கேட்டார்: "என்ன கிடைச்சுது?"

"பெடியனுக்கு மானைக் காட்டினன்" என்றார் அப்பு. அதோடு கை கால் கழுவப் போய்விட்டார். குட்டியோடு நிற்கிற பிணைக்கும் கொம்பு முற்றாத கலைக்கும் வெடி வைப்பதில்லை என்பதை மறுநாள் மாமாதான் அவனுக்கு விளங்கப்படுத்தினார்.

வேட்டைக்கூட்டத்தில் அப்பு, மாமா, ஒன்றுவிட்ட மச்சான்மார் இருவர், இவர்களோடு அயலூர் முஸ்லிம் காக்கா ஒருவரும் இருந்தார். காக்காவின் கண்ணுக்கு அடி தெரியும். மண்ணில் பதிந்த குளம்பைப் பார்த்து மானா மரையா, காலையில் போனதா இரவு போனதா என்று சொல்லிவிடுவார். தடத்துக்குள் சிலந்தி நூல் கட்டியிருந்தால் அது பழசு. விளிம்பு மண் உதிராமல் கூராக நின்றால் மிருகம் கிட்டத்தான் நிற்கிறது. ஒரு மரைப் புழுக்கைக் குவியலைக் கண்டாலும் கையால் தொட்டுச் சூடு பார்ப்பார்.

மான் விழுந்தால் எல்லோரும் நின்ற இடத்தில் நிற்கவேண்டும். முதலில் ஓடுவது காக்கா. இடுப்பில் இருந்த கத்தியை உருவிக்கொண்டு பாய்ந்து, பிஸ்மி சொல்லி, உயிர் போவதற்கு முன் அறுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் கிட்டப் போவார்கள். இதை யாரும் ஒப்பந்தம் பேசி வைக்கவில்லை. காக்கா சாப்பிடவேண்டும் என்றால் அப்படித்தான் நடக்கவேண்டும், அவ்வளவுதான். வெடிபட்ட மான் ஓடி, எங்கோ விழுந்து செத்துக் கிடந்தால் காக்காவுக்கு அதில் பங்கில்லை. அந்த நாட்களில் அப்பு ஒரு போத்தல் தேனை அவருடைய சைக்கிளில் கட்டிவிடுவார்.

ஓடிய மானைத் தேடுவதில்தான் அப்புவின் கண்டிப்பு அதிகம். வெடித்ததும் பின்னால் ஓடக்கூடாது. ஒரு சுருட்டுப் பத்தி முடிகிற நேரம் இருக்கவேண்டும். வேட்டை நாளில் சுருட்டுக்கு அனுமதி கிடைப்பது அந்த நேரத்தில் மட்டும்தான். துரத்தினால் காயப்பட்ட மிருகம் கடைசி மூச்சுவரை ஓடும். விட்டால் கிட்டவே படுக்கும். பிறகு இலைகளில் இரத்தம் பார்த்து நடப்பார்கள். நுரைத்து, பளிச்சென்று இருந்தால் சுவாசப்பையில் பட்டிருக்கிறது, தூரம் போகாது. கறுத்துத் தடித்திருந்தால் ஈரல், இன்னும் பொறு. பச்சை கலந்திருந்தால் குடல். அப்படி ஒன்றைக் கண்டால் அப்புவின் முகம் கறுத்துவிடும். எவ்வளவு நேரமானாலும், இருட்டி விளக்குப் பிடித்தாவது, அந்த மிருகத்தைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குத் திரும்பமாட்டார். ஒருமுறை மாமா வைத்த வெடி அப்படிப் பட்டு, இரவு முழுக்கத் தேடி, விடியற்புறம் கண்டெடுத்தார்கள். அடுத்த இரண்டு மாதம் மாமாவுக்குத் துவக்குக் கொடுபடவில்லை.

பங்கு போடுவது குளக்கட்டு மருத மரத்தடியில். இலைகளைப் பரப்பி, இறைச்சியைக் கூறு கூறாக வைப்பார்கள். எல்லாக் கூறிலும் கொஞ்சம் எலும்பு, கொஞ்சம் சதை, ஒரு துண்டு ஈரல். பிறகு சிறுவனை முதுகு காட்டி நிற்கச் சொல்வார்கள். ஒருவர் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்று கேட்பார். பார்க்காமலே அவன் ஒரு வீட்டுப் பெயரைச் சொல்லவேண்டும். குறை சொல்ல யாருக்கும் இடமில்லை. வெடிகாரனுக்குத் தலையும் ஒரு தொடையும் தனி. புருசன் இல்லாத பொம்பிளைகளின் வீட்டுக்குக் கூறு போடுவதற்கு முன்னமே எடுத்துவைத்துவிடுவார்கள். மரை விழுந்தால் ஊரில் அன்றைக்கு எந்த அடுப்பிலும் மரக்கறி ஏறாது. ஒருவரும் இறைச்சியை விற்றதாக அவருக்கு ஞாபகமில்லை.

மரையை வெள்ளைக்காரத் துரைமார் 'எல்க்' என்று சொன்னார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மலைக்காடுகளில் மரையைத் துரத்தி, கத்தியால் குத்திக் கொன்றதைப் புத்தகமாகவே எழுதினார். அவருக்கு அது விளையாட்டு. அப்புவின் கூட்டத்துக்கு நாய் வேட்டையே பிடிக்காது. மிருகத்தைக் களைக்கவைத்துக் கொன்றால் இறைச்சி புளிக்கும் என்பார்கள்.

ஓரிரவு பேரனுடைய மனதில் அப்படியே நிற்கிறது. மாமா எங்கிருந்தோ ஐந்து பற்றரி ரோச் லைற் ஒன்று வாங்கிவந்திருந்தார். இரவு வேட்டையை அப்பு விரும்பவில்லை. ஆனால் சேனையில் பயறும் கௌபியும் விடியவிடிய அழிந்துகொண்டிருந்தன. காவல் கொட்டிலில் இருந்து இறங்கிப் போனார்கள். சேனை வேலிக்கு அப்பால் வெளிச்சம் பட்ட இடத்தில் இரண்டு கண்கள் பற்றிக்கொண்டன. மாமா தோளுக்குத் துவக்கை உயர்த்திவிட்டார். அப்புவின் உள்ளங்கை குழல் மேல் விழுந்து, அதை மெல்ல நிலத்தை நோக்கி அமர்த்தியது.

"கண்ணுக்கு வெடி வையாத. உடம்பைக் காட்டட்டும்."

கண்கள் அசையவில்லை. மாமாவின் மூச்சு சிறுவனுக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லமுடியாது. பிறகு அந்தக் கண்களுக்குப் பக்கத்தில், இருட்டுக்குள்ளிருந்து ஒரு மனிதர் இருமினார்.

தேன் எடுக்கப் போனவர். பொழுதுபட்டதால் மாட்டை மரத்தில் கட்டிவிட்டு, அதன் வயிற்றோடு சாய்ந்து நித்திரையாகிப் போயிருக்கிறார். கண்கள் மாட்டுடையவை. மாமா துவக்கை அப்புவிடம் கொடுத்துவிட்டு வரம்பில் குந்திவிட்டார். கை நடுங்கியதில் ரோச் வெளிச்சம் மரங்களில் எல்லாம் ஆடியது. அந்தத் தேன்காரர் எதுவும் அறியாமல் எழும்பிவந்து, கொஞ்சம் வெற்றிலை கேட்டார்.

கட்டுத்துவக்கை அப்பு அடியோடு வெறுத்ததற்கும் இதுதான் காரணம். மிருகம் நடக்கிற வழியில் குழலைக் கட்டிவைத்து, குறுக்கே நூலை இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். நூலைத் தட்டுவது பன்றியா பிள்ளையா என்று அந்தக் குழலுக்குத் தெரியாது. வெடி முழங்கால் உயரத்தில் வரும். வன்னியிலும் வடமத்திய மாகாணத்திலும் கால் சிதறி ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். பன்றிக்கென்று தீனிக்குள் வைக்கிற வெடி இன்னும் மோசம். யானைக் குட்டிகள் அதைக் கடித்து, வாய் கிழிந்து, தின்னமுடியாமல் பட்டினியால் நாட்கணக்கில் துடித்துச் சாகின்றன. இவற்றை வேட்டை என்று சொல்லப் பேரனுக்கு வாய் வராது. இதை எழுதுகிறவருக்கும் வராது.

சட்டம் அப்போதும் இருந்தது. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது 1937இல். அடுத்த ஆண்டே வில்பத்து தேசியப் பூங்காவாயிற்று. ஊரில் அதைப் பற்றித் தெரிந்தவர்கள் உண்டு, தெரியாதது போல இருந்தவர்களும் உண்டு. இன்று அங்கே மானையோ மரையையோ சுடுவது குற்றம். அது சரியென்றே அவர் நினைக்கிறார். முப்பது வீட்டுக்கு ஒரு இடியன் என்ற கணக்கு எப்போதோ முடிந்துவிட்டது. கம்பிக் கண்ணியும், தலையில் கட்டுகிற கூர்வெளிச்சமும், இரவோடு இரவாக இறைச்சியை ஏற்றிப்போகிற மோட்டார் சைக்கிளும் வந்த பிறகு, அப்புவின் விதிகளைச் சொல்லிக் கேட்க யாரும் இல்லை.

போர் வந்தபோது துவக்கு என்ற சொல்லுக்கே அர்த்தம் மாறிப்போயிற்று. அப்பு அதற்கு முன்னமே காலமாகிவிட்டார். இடியன் எங்கே போனதென்று தெரியாது. மாமா அதைக் குளக்கட்டில் எங்கோ புதைத்ததாக ஒரு கதை. 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். காக்காவின் குடும்பமும் உடுத்த துணியோடு புத்தளம் பக்கம் போனது. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் அடி பார்க்கத் தெரிந்தவர் இல்லை. இவர் கனடாவுக்கு வந்து சேர்ந்தார்.

தொழிற்சாலையில் ஒரு மதிய இடைவேளையில்தான் பேச்சு தொடங்கியது. வெள்ளைக்காரத் தோழர் நவம்பரில் இரண்டு கிழமை லீவு கேட்டிருந்தார். எதற்கு என்று கேட்டபோது மான் வேட்டைக்கு என்றார். பாரி சவுண்டுக்கு வடக்கே, தகப்பன் கட்டிய மரக்குடில். அண்ணன் தம்பி, மருமக்கள், பேரன் என்று ஒன்பது பேர் கூடுவார்களாம். "நீங்கள் காற்றை எப்படிப் பார்ப்பீர்கள்?" என்று இவர் கேட்டார். தோழர் நிமிர்ந்து பார்த்தார். இப்படி ஒரு கேள்வியைச் சாப்பாட்டு மேசையில் அவரிடம் யாரும் கேட்டதில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலை எடுத்தார். உள்ளே பவுடர். அமத்தினால் புகைபோல வரும். அது போகிற பக்கத்தைப் பார்த்துக்கொள்வது. இவர் இரண்டு விரலைக் குவித்து, இல்லாத புழுதியை நுள்ளி மேசைமேல் விட்டுக் காட்டினார். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். மணியடித்தும் எழும்பவில்லை.

ஒரு வருடம் விருந்தாளியாக அந்தக் குடிலுக்குப் போனார். துவக்குத் தொடவில்லை. ஒன்ராறியோவில் வேட்டையாட வகுப்பில் படித்துச் சித்தியடைய வேண்டும். துவக்குக்கும் தனியாகப் படிப்பும் அனுமதியும் வேண்டும். மானுக்கென்று அடையாளச் சீட்டு எடுக்கவேண்டும். அவ்வளவுக்கும் அவருக்கு மனமில்லை. கேட்டுக்கொண்டிருக்கத்தான் ஆசை. துவக்கு வேட்டைக் காலத்தில் தலையிலும் மேலிலும் செம்மஞ்சள் நிற உடுப்பு அணிவது அங்கே சட்டம். இவ்வளவு எடுப்பான நிறத்தை மான் காணாதா என்று கேட்டார். மனிதக் கண்ணைச் சுடுகிற அந்த நிறம் மானின் கண்ணுக்கு மங்கலாகத்தான் படும். நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும் என்றார் தோழர். அப்பு எப்போதும் மண்ணிறச் சாரம்தான் கட்டினார். நீலம் கட்டியதாக நினைவில்லை. அது தெரிந்து செய்ததா தெரியாமலா என்று அவர் இன்றுவரை யோசிக்கிறார்.

இரவில் விறகடுப்பைச் சுற்றி இருந்து அவர்கள் பேசினார்கள். தோழரின் அண்ணன், எண்பதை நெருங்கியவர், முதன்முதலாக வந்திருந்த பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். வெடி பட்டதும் பின்னால் ஓடாதே. அரை மணித்தியாலம் மணிக்கூட்டைப் பார். நுரைத்த இரத்தம் என்றால் கிட்டக் கிடக்கும். பச்சை என்றால் திரும்பி வா, எங்களைக் கூப்பிடு, எல்லோருமாகத் தேடுவோம். மரத்தில் கட்டின இருப்பிடத்தில் ஏறினால் முதலில் இடுப்புப் பட்டியைக் கொழுவு. மானால் செத்தவர்களை நான் காணவில்லை, விழுந்து முறிந்தவர்களைக் கண்டிருக்கிறேன். வால் வெள்ளையாக நிமிர்ந்தால் விட்டுவிடு, அது உன்னைக் கண்டுவிட்டது. பற்றைக்குள் அசைகிற எதையும் சுடாதே. முழு மானையும் கண்ணால் கண்ட பிறகு யோசி.

பேரன் தலையாட்டினான். மூலையில் இருந்த வன்னிக்காரர் தன் உள்ளங்கையை முழங்காலில் கவிழ்த்து, மெல்ல அமர்த்தினார். ஏனென்று யாரும் கேட்கவில்லை.

அந்தப் பயணத்திலிருந்துதான் வருடாந்தப் பொட்டலம் தொடங்கியது. ஒன்ராறியோவில் காட்டு மான் இறைச்சியை விற்க முடியாது, கொடுக்கலாம். பங்குதானே என்று அவர் மனைவியிடம் சொன்னார்.

போர் முடிந்து சில வருடங்கள் கழித்து ஊருக்குப் போனார். வண்டில் பாதையின் இரு பக்கமும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள், மிதிவெடி அபாயம் என்று. அப்பு வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டு மட்டும். மோட்டைவரை போக விடவில்லை. புத்தளத்தில் காக்காவின் மகனைக் கண்டார். வாசலில் வைத்தே, "நீங்க தேன் போத்தல் கட்டிவிடுற அப்புட பேரன்தானே?" என்று கேட்டான் அவன். காக்கா மௌத்தாகிப் பத்து வருடமாம். கத்தி இன்னும் வீட்டில் இருக்கிறது. கைப்பிடி தேய்ந்த அதை எடுத்துவந்து காட்டினான்.

கடைசியாகத் திருகோணமலை. கோணேசர் கோயிலுக்குப் போகிற வழி பழைய பிரட்றிக் கோட்டைக்கு உள்ளாலே போகிறது. அங்கே புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிபோலத் திரிகின்றன. கடைக்காரர் வீசுகிற பழத்தோலுக்கு வருகின்றன. நிறுத்திய ஓட்டோவின் நிழலில் படுக்கின்றன. கூட வந்திருந்த, கனடாவில் பிறந்த பேத்தி வாழைப்பழம் ஒன்றை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு பிணை, குட்டியோடு, பத்தடி தள்ளி நின்று முன்காலைத் தட்டியது. கிட்ட வரவில்லை.

"தாத்தா, ஏன் வரமாட்டுதாம்?"

அவர் குனிந்தார். கோட்டைப் புழுதியை இரண்டு விரலால் நுள்ளி, முகத்துக்கு நேரே விட்டுப் பார்த்தார். பின்னேரக் கொண்டல், கடலில் இருந்து கரைக்கு வந்துகொண்டிருந்தது. பேத்தியின் தோளைப் பிடித்து, மானைச் சுற்றி மெல்ல நடத்தி, கடல் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார். அவர்களுடைய மணம் இப்போது நேரே மானுக்குப் போயிற்று. பிணை மூக்கை உயர்த்தி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தது. பிறகு குட்டியை விட்டு ஓரடி வைத்தது, இன்னோரடி. பேத்தியின் விரல்களில் அதன் மூச்சு பட்டது.

"சூடா இருக்கு" என்றாள் அவள்.